மூன்றாவது தோட்டாவில் நின்ற ஸ்லைடு

என் மருமகன் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சூப்பர்வைசராக இருக்கிறான். புதிதாகச் சேர்ந்த துப்பாக்கிக் காவலர்களுக்கு வகுப்பு எடுக்க ஒரு தாள் தயார் செய்து, போன மாதம் என்னிடம் கொண்டுவந்தான். "மாமா, நீங்க ஆர்மரரா இருந்தவரு. தப்பு இருந்தா சொல்லுங்க" என்றான். நான்காவது வரி இப்படி இருந்தது: 'ஸ்லைடு பின்னால் நின்றுவிட்டால் பிஸ்டல் காலி என்று பொருள்.'

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. "கிழிக்கிற அளவுக்கு என்னா மாமா?" என்று கேட்டான். அன்று தாளை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். இப்போது எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்து ஊர் எனக்கு. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தேன். அங்கே பதினைந்து வருஷம் ஆர்மரர் வேலை, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பது. ஸ்பிரிங்குக்கும் திருகுக்கும் பொய் சொல்லத் தெரியாது என்பதுதான் அங்கே நான் கற்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஓசூரில் வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆயுத அறைக்குப் பொறுப்பாளராக எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

ஆயுத அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெயின் கேட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு, அதற்குள் ஓர் அலமாரி, ஒரு மேசை. இரண்டு ஒற்றைக்குழல் துப்பாக்கிகள், இரண்டு சிறிய பிஸ்டல்கள். பிஸ்டல் இரண்டும் ஒரே வகை, வெளிநாட்டுச் சரக்கு, பழசு. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று அடியில் நானே பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பிஸ்டலின் மேல்பாகம்தான் ஸ்லைடு. ஒரு குண்டு வெடித்ததும் அது பின்னால் ஓடி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். கைப்பிடிக்குள் செருகிய மேகசினில் கடைசித் தோட்டாவும் தீர்ந்ததும் ஒரு சின்ன லீவர் மேலே எழும்பி ஸ்லைடைப் பின்னாலேயே பிடித்து நிறுத்தும். அதுதான் ஸ்லைடு லாக். 'தீர்ந்துவிட்டது, நிரப்பு' என்று பிஸ்டல் சொல்லும் சேதி அது. அந்தச் சேதி சில சமயம் பொய்யாகவும் இருக்கும்.

எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் பெயர் வரதராஜன். பெங்களூரில் இருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். வெயிலிலும் தூசியிலும் அவருடைய வெள்ளைச் சட்டை அழுக்காகி நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு பேசுவார். அந்தத் துடைப்பு முடியும் வரை எதிரில் நிற்கிறவன் காத்திருக்க வேண்டும். எழுதி வைப்பது மட்டும் அவருக்கு ஆகாது. "மாதப்பன், எதுவா இருந்தாலும் வாய்ல சொல்லுங்க. பேப்பர்ல போட்டா அது நம்மள விட அதிக நாள் இருக்கும்" என்பார். என் ரெஜிஸ்டரில் 'ஆபீசர் பார்வைக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் கட்டத்தில் அவர் கையெழுத்து இரண்டு தடவைக்கு மேல் விழுந்ததில்லை.

இரண்டாம் நம்பர் பிஸ்டல் மேல் முதலில் புகார் சொன்னவன் திம்மராயன். தளி பக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவன், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். ஒரு பயிற்சி முடிந்து பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான்.

"ணா, இது நடுவுலயே நின்னுக்குது. அஞ்சு போட்டன். மூணு போனதும் ஸ்லைடு பின்னால நின்னுச்சு. மேகசின கழட்டிப் பாத்தா ரெண்டு உக்காந்திருக்குது."

இந்தப் புகாருக்குப் பார்க்க வேண்டியவை ஒரு வரிசையில் உண்டு. முதலில் ஆள். சின்னப் பிஸ்டல், பெரிய கை. வெடிக்கும்போது கட்டைவிரல் லீவரில் இடித்தாலே ஸ்லைடு நின்றுவிடும். மூன்று காவலர்களைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். கட்டைவிரலைக் கீழே மடக்கிப் பிடித்தபோதும் நின்றது. ஆள் காரணம் இல்லை.

அடுத்து மேகசின். நான்கு மேகசினுக்கும் பெயின்ட்டில் நம்பர் போட்டு, இரண்டு பிஸ்டலிலும் மாற்றி மாற்றிப் போட்டு, மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களைக் கையால் இழுத்து இழுத்து ஓட்டினேன். எந்த மேகசினைப் போட்டாலும் ஒன்றாம் நம்பர் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் நம்பர் எல்லா மேகசினிலும் இடையில் நின்றது, இருபது தடவை ஓட்டினால் நான்கைந்து தடவை. அப்படியென்றால் கோளாறு பிஸ்டலில்.

பிரித்துக் கழுவித் துடைத்தேன். பிறகு இரண்டையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றாம் நம்பரில் லீவர் இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டாம் நம்பரில் தன் எடையிலேயே தொங்கியது. லீவரைக் கீழே அழுத்தி வைக்க வேண்டிய ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது.

அதுமட்டும்தானா என்று சந்தேகம். லீவரின் உள்பக்கம் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டாக்களைத் தாங்கும் தகடு, மேகசின் காலியானதும் மேலே வந்து அந்த மூக்கைத் தூக்க வேண்டும், வேறு எதுவும் அதைத் தொடக்கூடாது. டூல் ரூமில் இரண்டு பரப்பு எங்கே உரசுகிறது என்று பார்க்க நீலச் சாயம் பூசுவார்கள். ஒரு விரல் நுனி அளவு வாங்கிவந்து அந்த மூக்கில் பூசி, ஐந்து டம்மியை ஓட்டினேன். ஐந்தில் மூன்றின் முனையில் நீலக் கீறல் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூக்கின் மேல் வெல்டு பொட்டு வைத்து அரம் போட்ட தடம். எங்களிடம் வருவதற்கு முன் யாரோ ஒரு மகானுபாவன், கடைசித் தோட்டாவுக்கு லாக் விழவில்லை என்று மூக்கை நீளமாக்கியிருக்கிறான். இப்போது அது மேலே ஏறும் ஒவ்வொரு தோட்டாவிலும் இடித்தது. ஸ்பிரிங்குக்கும் அதைப் பிடித்துவைக்கத் தெம்பில்லை.

ரெஜிஸ்டரில் எழுதினேன்: 'இரண்டாம் நம்பர். தோட்டா மீதம் இருக்கும்போதே ஸ்லைடு லாக் ஆகிறது. புது லீவர், புது ஸ்பிரிங் தேவை. யாருக்கும் வழங்கக்கூடாது.' டிரிகரில் சிவப்புச் சீட்டு கட்டினேன். ஆபீசரிடம் போய்ச் சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "எங்க ரிப்பேர் பண்ணணும்?"

"பெங்களூர்ல லைசென்ஸ் வச்சிருக்கிற கடையிலங்க."

"ஆர்டர் போட்டு, ரெண்டு ஸ்டேட் பர்மிஷன் வாங்கி, அப்புறம் அனுப்பணும். தெரியுமில்ல?"

தெரியும். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சினிமா பார்க்கவே அங்கே போவார்கள். ஆனால் பிஸ்டலுக்கு அது வேறு மாநிலம்.

"நீங்க ஆர்மரர்தானே. அரத்தால ரெண்டு இழு இழுத்து விடுங்களேன்."

"நமக்கு வச்சிருக்கத்தான் லைசென்சுங்க. அரம் போட இல்ல."

சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு தடவை நினைவூட்டினேன். இரண்டு தடவையும் "பாக்கலாம்" என்றார்.

வருஷத்துக்கு ஒரு முறை சுடும் பயிற்சி வந்தது. கிருஷ்ணகிரி போகிற வழியில் வேலை நின்றுபோன ஒரு கல் குவாரியில், போலீஸ் அனுமதியோடு நடத்துவோம். அந்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயம். ஆயுதங்களையும் பயிற்சியையும் பார்க்க போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வருவதாக இருந்தது. காலையில் ஆபீசர் ஆயுத அறைக்கே வந்தார். மேசை மேல் நான் எடுத்து வைத்ததைப் பார்த்தார்.

"இன்னொரு பிஸ்டல் எங்க?"

"அது ரிப்பேருங்க சார். சொன்னனே."

"லைசென்ஸ்ல ரெண்டு இருக்கு. ஒண்ணு காட்டினா இன்னொண்ணு என்ன ஆச்சும்பாங்க. ரெண்டும் சுடட்டும்."

"இடையில நிக்கும் சார்."

"நின்னா மேகசினக் கழட்டிட்டு மறுபடி போடுவான். அவ்வளவுதானே?" என்று சொல்லிக்கொண்டே அவரே சிவப்புச் சீட்டை அவிழ்த்து மேசை மேல் வைத்தார். நான்காக மடித்து வைத்தார், அது கூட நினைவிருக்கிறது.

எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டிருக்கலாம். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கலாம். வேலை போயிருக்கும். என் பெரிய பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பிஸ்டலையும் பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றினேன்.

குவாரியில் எப்போதும் சுடும் கோட்டில் நான்தான் நிற்பேன். ஒவ்வொருவரும் சுட்டு முடித்ததும் மேகசினை எடு, ஸ்லைடை இழு, கண்ணால் பார், விரலால் தொடு என்று நான்கையும் செய்ய வைத்துத்தான் அடுத்தவனை விடுவேன். அன்று இன்ஸ்பெக்டர் முன்னால் ஆபீசரே கோட்டில் நின்றார். "நீங்க தோட்டாப் பெட்டிய பாருங்க" என்று என்னைப் பதினைந்து அடி பின்னால் நிறுத்தினார்.

காவலர்களுக்குப் பிஸ்டலைக் கொடுத்தது நான். இரண்டாம் நம்பரைத் திம்மராயன் கையில் கொடுத்தேன். அவன் ஐந்து தோட்டா நிரப்பிச் சுட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்லைடு பின்னால் நின்றது.

திரும்பிப் பார்த்தான். "சார், மூணுதான் போச்சு."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். அவரை வழியனுப்ப வேண்டிய அவசரம் ஆபீசருக்கு. "ஸ்லைடு நின்னுடுச்சில்ல? காலி. எண்ணத் தெரியல உனக்கு. ஸ்லைட விட்டு, டிரிகர அழுத்திட்டு, குடுத்துட்டு வா."

நான் "சார்" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

திம்மராயன் லீவரை அழுத்தினான். ஸ்லைடு முன்னால் ஓடியது. ஓடும்போது நான்காவது தோட்டாவை உள்ளே கொண்டுபோனது. திருப்பிக் கொடுக்குமுன் சுத்தியலை இறக்குவதற்காக, பிஸ்டலைத் தரையைப் பார்த்துப் பிடித்து டிரிகரை அழுத்தினான். தரை முழுக்கக் கருங்கல். குண்டு கல்லில் பட்டுச் சிதறி, ஒரு சில்லு அவன் இடது கண்ணில் பாய்ந்தது.

அவன் கத்தவில்லை. பிஸ்டலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய் முதலில் பிஸ்டலைத்தான் எடுத்தேன், மேகசினைக் கழற்றினேன். ஸ்லைடை இழுத்ததும் ஐந்தாவது தோட்டா வெளியே விழுந்தது. பழக்கம் அப்படி. அதற்குப் பிறகுதான் அவனைத் தூக்கினேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் போய்விட்டது.

மறுநாள் ஆபீசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரெஜிஸ்டர் அவர் மேசையில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்தார். "மாதப்பன், போன மாச என்ட்ரிய பாத்தேன். அது கீழ ஒரு வரி சேருங்க. 'சுத்தம் செய்யப்பட்டது, சரியாக உள்ளது.' தேதி பயிற்சிக்கு முந்தின நாள் போடுங்க."

"சரியாகலியே சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வழங்கக்கூடாதுன்னு நீங்களே எழுதிட்டு, நீங்களே வழங்கியிருக்கீங்க. யோசிங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த 'யோசிங்க' இன்றைக்கும் காதில் விழுகிறது. எழுதுவது பிடிக்காத மனிதர் என் கையால் எழுதச் சொல்கிறார். முடியாது என்று சொல்லி ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று முதல் விசாரணை வரை அதை வீட்டில், அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன்.

விசாரணையை நடத்தியவர் பர்சனல் மேனேஜர். நான் இரண்டு பிஸ்டலையும், டம்மித் தோட்டாக்களையும், நீலச் சாயத்தையும் கொண்டுபோனேன். அவர் மேசையில் செய்தித்தாளை விரித்து, முதலில் ஒன்றாம் நம்பரை ஓட்டிக் காட்டினேன். பிறகு இரண்டாம் நம்பர். ஆறாவது தடவை ஸ்லைடு நின்றது. மேகசினைக் கழற்றி, மீதமிருந்த டம்மிகளை அவர் முன் கொட்டினேன். முனையில் நீலம். பதினோராவது தடவை மறுபடி நின்றது.

"இந்தக் கோளாறு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆபீசரைக் கேட்டார் மேனேஜர்.

"ரெஜிஸ்டர் என் பார்வைக்கு வரல. கையெழுத்துக் கட்டம் காலியா இருக்கு, பாருங்க."

வாயில் சொல்லச் சொன்ன ஆள். மூன்று தடவை வாயில் சொன்னேன். இப்போது கட்டம் காலி என்கிறார்.

"விட்டு அழுத்துன்னு நீங்க சொன்னீங்களாமே?"

"நான் அப்படிச் சொல்லல. மேகசினைக் கழட்டாம டிரிகரத் தொட்டது அவன் தப்பு."

கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு காவலர்களைக் கேட்டார்கள். காதில் பஞ்சு இருந்தது, கேட்கவில்லை என்றார்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "வழங்கக்கூடாதுன்னு எழுதினவர் நீங்க. கையில கொடுத்தவரும் நீங்க. யார் சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஆபீசர் சொல்லி."

"எழுத்துல இருக்கா?"

இல்லை.

உத்தரவு வந்தது. திம்மராயன் கவனக்குறைவாகக் கையாண்டான். ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி ஏற்கும், இனி கேன்டீன் ஸ்டோரில் வேலை. மாதப்பனுக்கு எச்சரிக்கை, ஆயுத அறைச் சாவி வாபஸ், லாரி கேட்டுக்கு மாற்றம். ஆபீசரைப் பற்றி ஒரே வரிதான்: 'பயிற்சியின்போது பாதுகாப்பு மேலும் கவனிக்கப்பட வேண்டும்.' அடுத்த வருஷமே பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் பதவி உயர்வில் போனார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உத்தரவு வந்த வாரமே இரண்டாம் நம்பர் பிஸ்டலுக்குப் பெங்களூர் போக அனுமதி கிடைத்தது. இரண்டு மாநிலத்துப் பேப்பரும் நான்கு நாளில் வந்தன. புது லீவர், புது ஸ்பிரிங் போட்டுத் திரும்பி வந்தது, நான் ரெஜிஸ்டரில் எழுதியிருந்த அதே இரண்டு சாமான்கள். இதை நினைத்தால் சோறு இறங்காத நாட்கள் உண்டு.

உத்தரவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை திம்மராயன் வீட்டுக்குப் போனேன். சானமாவுக் காட்டைத் தாண்டிப் போகிற பஸ், அப்புறம் கொஞ்சம் நடை. கண்ணில் கட்டோடு வாசலில் ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தெலுங்கில் அவனிடம் ஏதோ கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் கொதித்துக்கொண்டு போயிருந்தேன். மேசையில் செய்தித்தாளை விரித்தது, ஆறாவது தடவை நின்றது, நீலம், ஆபீசர் வாய் கூசாமல் சொன்ன பொய், பஞ்சு வைத்த காதுகள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். லேபர் கோர்ட்டுக்குப் போகலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவன் ராகியைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டான்.

நான் நிறுத்தியதும் சொன்னான். "கோர்ட்டெல்லாம் வேணாம்ணா. கேன்டீன் வேலையாவது இருக்கட்டும்."

ராகியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தான். பிறகு கேட்டான்.

"ஆபீசர்கிட்ட மூணு தடவ சொன்னன்னு சொல்றீங்க. ரெஜிஸ்டர்ல எழுதினீங்க. சீட்டு கட்டினீங்க. அதெல்லாம் செரி. அன்னிக்கு எங்கையில குடுக்கறப்ப, திம்மா, இது ரிப்பேர் ஆவல, நின்னா நம்பாதன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, ஏன்ணா? நா ஆபீசர் சொன்னத கேட்டிருக்க மாட்டன். உங்க பேச்சத்தான் கேட்டிருப்பன்."

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

புகார் சொன்னவனே அவன்தான். அதற்குப் பின் சீட்டு இல்லாமல் என் கையிலிருந்து வாங்கினால், சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பான். எனக்கு அது உறைக்கவே இல்லை. ஆபீசர் மேல் இருந்த ஆத்திரத்தில், பெட்டியைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் முகத்தைக் கூடப் பார்க்காமல் நீட்டினேன்.

இந்தக் கதையை டீக்கடையிலும், யூனியன் ஆபீசிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் பெங்களூர் போக நான்கு நாளில் வந்த பேப்பரோடு முடித்துக்கொள்வேன். கேட்கிறவர்கள் ஆபீசரைத் திட்டுவார்கள், நானும் திட்டுவேன். இன்றைக்கும் திட்டுகிறேன், அதில் ஒரு சொல் கூடக் குறையாது. ஆனால் வாசலில் உட்கார்ந்து திம்மராயன் கேட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அவன் கேட்டு முடித்ததும், காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.